பழைய வீட்டுச் சுவர்கள் சொல்லும் கணக்கு

மாதுங்காவில் ஒரு பழைய கட்டடம் இடிபடுவதற்கு முன், குடியிருந்தவர்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு போன மறுநாள், காலி வீட்டுக்குள் போய்ப் பார்ப்பவருக்கு ஒரு விஷயம் கண்ணில் படும். சமையல் அறைச் சுவரில் கரி ஒரே இடத்தில் இராது. தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் தொடங்கி, மேலே போகப் போக விரியும் கறுப்புப் படலம் ஒன்று. அதற்குச் சற்றுத் தள்ளி, இடுப்புக்கு மேலே தொடங்கிக் கூரையைத் தொடும் மஞ்சள் நிற எண்ணெய்ப் பிசுக்கு இன்னொன்று. எத்தனை தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடித்தாலும், அடுத்த மழைக்காலத்தில் இரண்டும் திரும்ப வெளியே வந்துவிடும். முதலாவது, கரிக் குமுட்டியும் பம்ப் ஸ்டவ்வும் தரையில் இருந்த காலத்தது. இரண்டாவது, காஸ் அடுப்பு மேடை மேல் ஏறிய பிறகு படிந்தது. இரண்டுக்கும் இடையில் உள்ள உயரம் சுமார் இரண்டரை அடி. அந்த வீட்டுப் பெண்கள் குந்தியிருந்த இடத்தை விட்டு எழுந்து நிற்க எடுத்துக்கொண்ட காலம் அந்த இரண்டரை அடியில் அடங்கியிருக்கிறது.

இந்தப் படலங்களை இனி அதிக காலம் பார்க்க முடியாது. மும்பையின் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இறங்கி வருகின்றன. 1920-களில் பம்பாய் டெவலப்மெண்ட் டிபார்ட்மெண்ட் கட்டிய பி.டி.டி. சால்கள் 207, கட்டடத்துக்கு 80 அறைகள், அறை ஒன்றுக்கு 160 சதுர அடி. அவற்றில் வொர்லியில் இருந்தவற்றை இடித்துக் கட்டிய அடுக்கு மாடிகளில், 2025 ஆகஸ்டில் முதல் 556 குடும்பங்களுக்கு 500 சதுர அடி வீட்டின் சாவி கொடுக்கப்பட்டது. மாதுங்காவிலும் சயானிலும் வாடகைக் கட்டடங்கள் பில்டர் கைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. தாராவியில் 2024 மார்ச்சில் மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு தொடங்கியது. குடியிருப்பவர்களுக்கு இது நல்ல செய்திதான். பொதுக் கக்கூசுக்குக் காலையில் வரிசையில் நின்றவர்களுக்குத்தான் வீட்டுக்குள் ஒரு குளியலறையின் அருமை தெரியும். ஆனால் இடிப்பதற்கு முன் அந்தச் சுவர்களை ஒரு முறை கவனமாகப் பார்த்துவிட்டு இடிப்பது நல்லது. அதில் எழுதியிருப்பது வேறு எந்த ஆபீஸ் பைலிலும் கிடையாது.

இந்த நகரத்தின் வீடுகளில் இவ்வளவு தடயங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகத் தங்கியதற்குக் காரணம் உண்டு. 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. நெரிசலான குடியிருப்புகளைத் திருத்துவதற்கென்று 1898-ல் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் ஏற்பட்டது. தாதர், மாதுங்கா பகுதிகள் அந்த டிரஸ்ட் போட்ட திட்டத்தில் உருவானவை. ரயில்வேயிலும் கம்பெனிகளிலும் பாங்குகளிலும் உத்தியோகம் தேடி வந்த தமிழ்க் குமாஸ்தாக்கள் மாதுங்காவில் வாடகைக்கு வந்தார்கள். தோல் பதனிடும் தொழிலுக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தாராவியில் குடிசை போட்டார்கள். பிறகு 1947-ல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், வாடகையை 1940-ம் ஆண்டு நிலவரத்தில் நிறுத்தி வைத்தது. முப்பது, நாற்பது ரூபாய் வாடகையில் எந்த வீட்டுக்காரர் ரிப்பேர் செய்வார்? அவர் செய்யவில்லை. வீடு தன்னுடையதல்ல என்பதால் குடியிருந்தவரும் எதையும் பெயர்த்து எடுக்கவில்லை. பழையதன் மேலேயே புதியதை ஆணி அடித்து மாட்டினார். மர வயரிங் அப்படியே இருக்க, அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் பட்டி ஓடியது. பீங்கான் ப்யூஸ் அப்படியே இருக்க, அதன் கீழே புது மாதிரி சுவிட்ச் வந்தது. வீட்டுக்காரருக்கும் குடியிருந்தவருக்கும் இருந்த இந்தப் பிணக்கு, தன்னை அறியாமலேயே ஒரு பொருட்காட்சியைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

மின்சார வயர்களைப் பின்தொடர்ந்து போனால் விஷயம் இன்னும் தெளிவாகும். பம்பாய் எலெக்டிரிக் சப்ளை அண்டு டிராம்வேஸ் கம்பெனி 1905-ல் ஏற்பட்டது. 1947-ல் முனிசிபாலிடி அதை எடுத்துக்கொண்டது. இன்றும் ‘பெஸ்ட்’ என்றால் பஸ், லைட் பில் இரண்டும் ஞாபகத்துக்கு வருவது அதனால்தான். பழைய வீட்டுக்குள் மின்சாரம் நுழைந்தது பல்ப் எரிப்பதற்காக மட்டுமே. சுவரில் மரக்கட்டைகளைப் பதித்து, அவற்றின் மேல் இரண்டு பள்ளம் வெட்டிய மரப்பட்டியை அறைந்து, பள்ளத்துக்கு ஒன்றாக வயரை ஓட்டி, மேலே மூடியைத் திருகுவார்கள். அந்தப் பட்டி வாசலில் தொடங்கிக் கூடத்துக்கு வந்து, சமையல் அறையில் ஒரு பல்போடு முடிந்துவிடும்.

பிளக் என்று ஒன்று முதன்முதலில் வந்தது கூடத்துக்குத்தான். வந்தது ரேடியோவுக்காக. ரேடியோ வைக்கும் ஸ்டாண்டை அறைந்த ஆணித் துளைகளும், அதன் அருகில் இரண்டு துளை உள்ள கறுப்பு பேக்கலைட் பிளக்கும் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. வராந்தாக் கைப்பிடிச் சுவரில் ஒரு பீங்கான் குமிழ் துருப்பிடித்த கம்பியோடு தொங்கினால், அது ஏரியல் கட்டிய இடம். தபால் ஆபீசில் வருடா வருடம் லைசென்ஸ் பணம் கட்டி, இலங்கை வானொலியின் தமிழ்ப் பாட்டுக்காக அந்தக் கம்பியை இப்படியும் அப்படியும் திருப்பிய அப்பாக்களை இன்றைய தாத்தாக்களுக்கு நினைவிருக்கும்.

சமையல் அறைக்கு எப்போது பிளக் வந்தது? இங்கேதான் சுவர் உண்மையைச் சொல்கிறது. பெரும்பாலான பழைய வீடுகளில் சமையல் அறை பிளக்குக்குத் தனி லைன் கிடையாது. கூடத்து ரேடியோ பிளக்கிலிருந்து ஒரு வயரைப் பிரித்து, கதவு நிலையின் மேல் வளைத்து, ஆணியால் அங்கங்கே பிடித்து உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். அந்த வயர் மிக்ஸிக்காக வந்தது. 1960-களில் இந்த மும்பையிலேயே ‘சுமீத்’ மிக்ஸி உருவாயிற்று. இந்தியச் சமையலுக்குத் தேவையான அரைப்பைத் தாங்கும் மோட்டார் வேண்டும் என்ற நினைப்பில் பிறந்த மெஷின் அது. அது தயாரான ஊரிலேயே இருந்தும், அநேக தமிழ்க் குடும்பங்களுக்கு அது வந்து சேர ஒரு தீபாவளி போனஸ் போதவில்லை. ரேடியோ வந்தது, மின்விசிறி வந்தது, சில வீடுகளில் டெலிவிஷனும் வந்தது. அதற்குப் பிறகுதான் மிக்ஸி. கூடத்து மின்விசிறியின் காற்று சமையல் அறைக்கு வராது. அங்கே தனி விசிறி மாட்டக் கொக்கியே கிடையாது. கூரையில் கொக்கி இருந்தால் அது தொட்டில் கட்டியதாக இருக்கும்.

வீட்டில் யாருடைய சிரமம் முதலில் தீர்ந்தது, யாருடையது கடைசியில் தீர்ந்தது என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி கிடைக்காது. குடும்பத் தலைவர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. மாதம் முழுதும் எண்ணிச் செலவழித்த குமாஸ்தாவுக்கு, ஊருக்கு மணியார்டர் அனுப்பிய பின் மிஞ்சியது கொஞ்சம். ஆனால் மிஞ்சிய அந்தக் கொஞ்சத்தில் எது முதலில் என்று முடிவு செய்த இடம் கூடமே என்பதை வயர் காட்டிக்கொடுத்து விடுகிறது.

டெலிவிஷன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1972 அக்டோபர் 2-ல் பம்பாய் நிலையம் தொடங்கியது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியோடு கலர் வந்தது. மொட்டை மாடிச் சுவர்களில் இன்றும் துருத்திக்கொண்டிருக்கும் இரும்புக் கிளாம்புகள் அந்த ஆண்டெனாக்களைத் தாங்கியவை. அவை எத்தனை உயரமாக நின்றாலும் சென்னை நிலையத்தை எட்டவில்லை. 1993-ல் சன் டி.வி. தொடங்கிய பிறகு ஜன்னல் சட்டத்தில் விரல் நுழையும் அளவுக்குத் துளை போட்டுக் கேபிள் வந்தது. தேக்குச் சட்டத்தில் போட்ட அந்தத் துளை வழியாகத்தான் இந்த ஊர் வீடுகளுக்குள் நாள் முழுதும் தமிழ் ஒலிக்கத் தொடங்கியது. கேபிள்காரன் துளை போட்டதற்கு வீட்டுக்காரர் சண்டை பிடித்த கட்டடங்களும் உண்டு.

டெலிபோன் வைத்திருந்த இடம் இன்னும் சுவாரஸ்யமானது. கட்டடத்துக்கு ஒரு வீட்டில் போன் இருந்த நாட்களில், மற்றவர்கள் எல்லாம் தங்கள் லெட்டரில் அந்த நம்பரைப் போட்டு ‘பி.பி.’ என்று எழுதுவார்கள். அந்தப் போன் இருந்த பலகைக்கு மேலே, சுவரில் பென்சிலால் எழுதிய நம்பர்கள் சுண்ணாம்புக்கு அடியிலும் தெரியும். 0435 என்று இருந்தால் கும்பகோணம்; 0462 என்று இருந்தால் திருநெல்வேலி. எந்த வீட்டில் எந்த ஊர்க்காரர்கள் வந்து போனார்கள் என்பதை அந்த எண்களை வைத்தே சொல்லிவிடலாம்.

மீண்டும் சமையல் அறைக்கு வரவேண்டும்; அங்கேதான் தடயங்கள் அதிகம். கூரையில், மேடைக்கு நேர் மேலே, காய்ந்த பருப்பின் மஞ்சள் திட்டு ஒன்று இருக்கும். குக்கரின் சேப்டி வால்வு ஒரு நாள் பறந்ததன் அடையாளம் அது. 1950-களின் கடைசியிலிருந்து இந்தியாவில் தயாராகி வந்த பிரஷர் குக்கருக்கு முதலில் வீட்டுப் பெரியவர்கள் பயந்தார்கள் என்பதில் வியப்பில்லை. ஆனால் ஸ்டவ்வுக்குக் கிருஷ்ணாயில் ரேஷனில் அளந்து வந்த நாட்களில், அரை மணி நேரம் வேகும் துவரம் பருப்பைப் பத்து நிமிஷத்தில் வேகவைத்த பாத்திரத்தை யார் வேண்டாமென்பார்கள்? கூரையில் திட்டு விழுந்த வீட்டில் மறு வாரமே புது வால்வு வாங்கியிருப்பார்கள்.

காஸ் வந்த கதையும் மும்பையில்தான் தொடங்குகிறது. சிலிண்டரில் அடைத்த சமையல் வாயுவை 1955-ல் பர்மா ஷெல் கம்பெனி முதலில் விற்கத் தொடங்கியது இந்த ஊரில்தான். ஆயினும் பேர் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த குடும்பங்களே அதிகம். கனெக்‌ஷன் கிடைத்ததும் முதல் வேலை, கடப்பைக் கல் மேடை போடுவது. சிலிண்டர் கீழே, அடுப்பு மேலே என்று இருந்தாக வேண்டும். மராத்தியர்கள் ‘ஓட்டா’ என்று சொல்லும் அந்த மேடை அப்படித்தான் பல வீடுகளில் வந்தது. மேடையின் அடியில் சிலிண்டர் நின்ற இடத்தில் வட்டமாகத் துருக்கறை. பின்னர் குழாய் மூலம் காஸ் வந்த வீடுகளில் சிலிண்டர் போய்விட்டது. வட்டம் மட்டும் இருக்கிறது. மோரியில் தண்ணீர் டிரம் நின்ற இடத்திலும் இதே போன்ற வட்டம், இதைவிடப் பெரியதாக.

எல்லாவற்றிலும் ஆழமான தடயம் தரையில் உள்ளது. ஆட்டுக்கல் கிடந்த இடத்தில் கல் தளம் லேசாகக் குழிந்திருக்கும்; அதைச் சுற்றி, உட்கார்ந்தவர் கால் நீட்டிய இடத்தில் தளம் வழவழவென்று தேய்ந்திருக்கும். மர உத்தரங்களின் மேல் நின்ற மாடி வீடுகளில் ஆட்டுக்கல்லின் சத்தமும் அதிர்வும் கீழ் வீட்டுக்குப் போகும். சாக்கை நாலாக மடித்து அடியில் போட்டுக்கொண்டு அரைப்பார்கள். அப்படியும் கீழ் வீட்டார் கழியால் கூரையைத் தட்டுவது உண்டு. ஆகவே பகலில், ஆண்கள் ஆபீசுக்குப் போன பிறகு, கீழே குழந்தை தூங்காத நேரம் பார்த்து அரைக்கவேண்டும். இட்லி மிருதுவாக இருக்கிறது என்று மறுநாள் காலையில் சொன்னவர்களுக்கு இந்தக் கால அட்டவணை தெரியாது. கோயம்புத்தூரில் 1950-களில் உருவான வெட் கிரைண்டர், நெடுநாள் கழித்து ஊரிலிருந்து ரயிலேறி இந்த வீடுகளுக்கு வந்தது. போர்ட்டருக்குக் கொடுத்த கூலியைப் பற்றி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருக்கும். கிரைண்டர் வந்த பிறகு ஆட்டுக்கல்லை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. தூக்கிக்கொண்டு போகவும் ஆள் இல்லை. மாடிப்படி வளைவில் துளசித் தொட்டிக்கு அடியில் கிடப்பது அநேகமாக அதுவே.

தாராவியில் நிலைமை வேறு. அங்கே சுவருக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. தகரம் செங்கல்லாயிற்று, செங்கல்லின் மேல் ஒரு மாடி எழும்பிற்று. பத்து வருடத்துக்கு ஒரு முறை வீடே புதிதாகிவிடும். இட்லி வியாபாரம் செய்யும் குடும்பங்களில் கிரைண்டர் வீட்டுச் சாமானும் அல்ல, தொழில் மெஷின். விடியுமுன் ஓடத் தொடங்கும் அதைச் சுற்றித்தான் வீட்டில் படுக்கையே விரிக்கப்படும். அப்படிப்பட்ட வீடுகளில் பழைய காலத்தின் தடயம் சுவரில் இராது. தகரப் பெட்டியில் இருக்கும். 1976-ல் மகாராஷ்டிர அரசு குடிசைகளைக் கணக்கெடுத்துக் கொடுத்த போட்டோ பாஸ், கிருஷ்ணாயில் வாங்கிய ரேஷன் கார்டு, முதல் மீட்டர் வந்த நாளின் லைட் பில், காஸ் கனெக்‌ஷன் புத்தகம் இவைதான் அவை.

இந்தக் காகிதங்கள் இன்று வெறும் நினைவுப் பொருள்களாக இல்லை. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத் தளத்தில் குடியிருப்பதாக நிரூபிப்பவர்களுக்குத் தாராவியிலேயே இலவச வீடு. அதற்குப் பின் 2011 தொடக்கம் வரை வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, விலை கொடுத்து வாங்கும் வீடு என்று விதி வகுத்திருக்கிறார்கள். ஒரு குடும்பம் எந்தப் பக்கம் விழும் என்பதை, யாரோ ஒரு அம்மாள் பத்திரமாக மடித்து வைத்த பழைய லைட் பில் தீர்மானிக்கக்கூடும். ‘பணம் கட்டியாயிற்று, இனி எதற்கு இந்தக் குப்பை’ என்று மகன்கள் சொன்னபோது, அதைக் கேட்காமல் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தவர்கள் பெண்களே. படித்தவர்கள் இதை இப்போது கொஞ்சம் யோசித்துப் பார்க்கவேண்டும்.

பழைய நாட்களே நல்ல நாட்கள் என்று பாடுவோர் ஒரு சாரார் உண்டு. ஆட்டுக்கல்லில் அரைத்த சட்னியின் ருசி மிக்ஸியில் வராது, குமுட்டியில் சுட்ட அப்பளத்தின் மணம் காஸில் வராது என்பார்கள். ருசி விஷயத்தில் அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அரைத்தவர்கள் அப்படிச் சொல்லி யாரும் அதிகம் கேட்டதில்லை. சுவரில் படிந்த கரியில் ஒரு பங்கு நெஞ்சிலும் படிந்தது என்பதை, பத்துக்குப் பத்து அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு மழைநாளில் சமைத்தவர்கள் அறிவார்கள். ஆகவே அந்தக் கரியைப் போற்றிப் பாதுகாக்கவேண்டும் என்பது இங்கே வாதம் அல்ல. இடிக்கும் முன் அதைப் படித்துக்கொள்ளவேண்டும் என்பதே.

படிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எழுபது, எண்பது வயதுள்ள மாமிகள், பாட்டிமார், ஆச்சிமார். வீட்டைக் காலி செய்வதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை ஒவ்வொரு மூலையாக அழைத்துப் போய், இந்தக் கொக்கி எதற்கு, இந்தத் துளை எதற்கு, இந்தக் குழி எப்படி வந்தது என்று பேரன் பேத்திகள் கேட்டு எழுதிக்கொள்ளலாம். இன்று எல்லோர் கையிலும் இருக்கும் போனில் படம் பிடித்துக்கொள்ளலாம். காசு செலவில்லாத காரியம். சர்க்காரோ பில்டரோ பழைய சால் அறை ஒன்றை ஞாபகார்த்தமாக வைக்க முன்வந்தால், அதற்குப் புது வர்ணம் பூசாமல் வைக்கவேண்டும். வர்ணம் பூசிய அறையில் நாலு பித்தளைப் பாத்திரத்தை அடுக்கிவைத்தால் அது ஹோட்டல் வரவேற்பறை ஆகிவிடும்.

இதில் அவசரமான பகுதி வேறொன்று. புது வீடுகளின் பிளான் இப்போது போடப்பட்டுக்கொண்டிருக்கிறது. கட்டடத்துச் சொசைட்டி மீட்டிங்குகளில் பிளானைச் சுவரில் மாட்டி விவாதிக்கிறார்கள். கார்ப்பெட் ஏரியா எத்தனை, பார்க்கிங் உண்டா, வாடகைக்கு எத்தனை மாதம் பணம் தருவார்கள், கார்ப்பஸ் எவ்வளவு என்று இரவு பத்து மணி வரை பேச்சு நடக்கும். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால் சமையல் மேடையின் உயரம் என்ன, கிரைண்டர் வைக்க இடம் எங்கே, அதற்குப் பதினைந்து ஆம்பியர் பிளக் உண்டா, புகை வெளியேற ஜன்னல் எந்தப் பக்கம், இருபதாவது மாடியில் ஆட்டும் சத்தம் கீழே கேட்காமல் இருக்க மேடைக்கு அடியில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று எழுந்து கேட்டவர்கள் அபூர்வம். மீட்டிங்குக்கு நோட்டீஸ் வீட்டுத் தலைவர் பேரில் வருகிறது, அவர்தான் போகிறார். மேடை எத்தனை அங்குலம் உயரம் இருந்தால் முதுகு வலிக்காது என்று சொல்லத் தெரிந்தவர், அந்த நேரத்தில் வீட்டில் மறுநாள் காலைக்கு மாவு அரைத்துக்கொண்டிருக்கிறார். கதவு நிலையின் மேல் வளைத்துக் கொண்டுவந்த அந்த வயரில்தான் கிரைண்டர் ஓடுகிறது.